கைக்குத் தெரிந்த முகம்

பிப்ரவரி 10, திங்கள்

ஓய்வு பெற்றுப் பத்து நாள். காலையில் கண் விழித்தபோது என் வலது கை போர்வையின் மேல் தபால் பிரித்துக்கொண்டிருந்தது. எடு, பார், வீசு. எடு, பார், வீசு. முப்பத்தாறு வருடம் தபால் ஆபீஸில் அறுபத்து நான்கு கட்டங்களுக்கு முன்னால் நின்ற கை. எனக்கு வழியனுப்பு விழா நடத்தியவர்கள் அதற்குத் தகவல் சொல்ல மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

மகள் வந்தாள். இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு. ஆனாலும் மேலதிகாரி பார்வையிட வருவது போலத்தான் வருவாள்.

"அம்மா, இப்படியே சுவரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தா பைத்தியம்தான் பிடிக்கும். நூலகத்துக்குப் பின்னாடி களிமண் வகுப்பு நடக்குது. உன் பேரைக் கொடுத்துட்டேன்."

"என்னைக் கேட்டியா?"

"கேட்டா வேண்டாம்பே."

உண்மைதான்.

கீழே வலப்பக்கக் கடைவாய்ப் பல் வலிக்கிற விஷயம் மட்டும் அவளிடம் சொல்லவில்லை. ரொட்டியைத் தேநீரில் நனைத்துச் சாப்பிடுவதைப் பார்த்து, "என்னம்மா, குழந்தை மாதிரி?" என்றாள். எனக்கு அப்படித்தான் பிடிக்கும் என்று சொல்லி வைத்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

நீளமான அறை. பழைய தையல் வகுப்பாக இருந்திருக்க வேண்டும். தரைப் பலகை இடுக்குகளில் இன்னும் ஊசி கிடக்கிறது. எட்டுப் பேர், எல்லோரும் என் வயதைத் தாண்டியவர்கள். ஜன்னலோரத்து இருக்கை காலி. அது பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற 'பஸ்காரர்' ஒருவருடையதாம், கண் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் வருவாராம்.

டீச்சர் கட்டைக் குரல்காரி. கையில் ஒரு உருண்டை மண்ணைத் திணித்து, "ஆமை செய்யுங்க. ஆமையை யாராலும் கெடுக்க முடியாது," என்றாள்.

மண் குளிர்ச்சியாக இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் தன் மருமகளைப் பற்றி ஆரம்பித்தார். நான் உம் கொட்டிக்கொண்டே இருந்தேன், கை பாட்டுக்கு வேலை செய்தது. மருமகள் கதை முடிந்து குனிந்து பார்த்தேன்.

ஆமை இல்லை. முகம்.

ஆண் முகம், எலுமிச்சம்பழம் அளவு. வாய் திறந்திருந்தது.

"முதல் நாளே முகமா! நல்ல கை உங்களுக்கு," என்றாள் டீச்சர். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் கட்டைவிரலால் அழுத்தி நசுக்கிவிட்டேன். ஏன் அவ்வளவு அவசரமாக நசுக்கினேன்?

பிப்ரவரி 14, வெள்ளி

மறுபடியும் அதே ஆள்.

இந்த முறை கிண்ணம் செய்ய உட்கார்ந்தேன். யாரோடும் பேச்சுக் கொடுக்கவில்லை, கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கும்வரை கிண்ணமாகத்தான் இருந்தது. கதவு சாத்தும் சத்தம் கேட்டு ஒரு கணம் திரும்பினேன். அவ்வளவுதான் – விளிம்பு உதடாக மடிந்துவிட்டது.

நீளமான காதுமடல். இடது புருவத்தின் நடுவில் ஒரு வெட்டு. கீழ் வரிசையில் ஒரு பல் இல்லை. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?

"யாரு, வீட்டுக்காரரா?" என்று டீச்சர் கேட்டாள். அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அவர் முகம் உருண்டை, காது சின்னது, வாயைத் திறந்தால் மூடாத மனிதர்தான், ஆனால் அது பேச்சினால். இது அவர் இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

பல்வலி. கிராம்பு வைத்துக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கண்ணாடியில் வாயைத் திறந்து பார்க்கலாம் என்று போனேன். பாதி திறந்ததும் மூடிக்கொண்டேன். என் வாயையே என்னால் பார்க்க முடியவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

நசுக்க நசுக்க வருகிறது. சரி, வரட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்று மணி நேரம். உள்ளங்கை இரண்டையும் தாடைக்கு அடியில் கொடுத்து மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருந்தேன் என்று டீச்சர் சொன்னாள். "அழுத்தாதீங்க, வாய் கோணிடும்." அழுத்துவதே எனக்குத் தெரியவில்லை. கையை எடுத்ததும் தாடை மெல்லக் கீழே இறங்கியது. ஈரமண் அப்படித்தான் இறங்கும் என்றாள்.

நிஜத் தலை அளவு வந்துவிட்டது. உள்ளே குடைந்து, காய்வதற்காக அலமாரியில் வைத்திருக்கிறாள். காய்ந்ததும் சூளையில் போடுவாளாம்.

ஒன்று எழுத வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆபீஸை விட்ட பிறகு இந்த மூன்று மணி நேரம்தான் என் கை போர்வையில் தபால் தேடாத நேரம். வகுப்பு நாட்களில் இரவு நன்றாகத் தூங்குகிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

சூளையிலிருந்து வந்துவிட்டது. செங்கல் நிறம். உடையவில்லை, கீறல்கூட இல்லை.

வகுப்பில் யாரும் அந்த அலமாரிப் பக்கம் பையை வைப்பதில்லை என்பதை இன்றுதான் கவனித்தேன். மருமகள் கதைக்கார அம்மாள் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க. அது ஏதோ சொல்ல வாயெடுத்து, பாதியில நின்ன மாதிரி இருக்கு," என்றார்.

கன்னம் வீங்கிவிட்டது. மகளிடம் மாட்டிக்கொண்டேன். நாளைக்குப் பல் டாக்டர். தப்பிக்க வழியில்லை.

மார்ச் 5, புதன்

தப்பித்துவிட்டேன்.

அறுபது வயதுப் பெண்மணி செய்கிற காரியமா இது? காத்திருக்கும் அறை வரை நன்றாகத்தான் போனேன். சுவரோரம் ஒரு நீள பெஞ்ச். அந்த மருந்து வாசனை. மகள் பெயர் எழுதக் கவுன்டருக்குப் போனாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிற கனம். பெஞ்ச் அந்தப் பக்கமாகத் தாழ்ந்திருப்பது போல. பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று என் உதடு தானாக எண்ண ஆரம்பித்தது. எட்டு வந்ததும் எழுந்து ஓடிவிட்டேன். கண்ணில் பட்ட முதல் பஸ்ஸில் ஏறி அதன் கடைசி நிறுத்தம் வரை போனேன்.

மகள் கத்தினாள். "முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தே. அப்பா போனப்பகூட அசராம நின்னே. ஒரு ஊசிக்கா இப்படி?"

ஊசிக்கு இல்லையடி. வலிக்கும் இல்லை. நாற்காலியைச் சாய்த்து "வாயைத் திறங்க" என்பார்களே, அதற்கு. அங்கே திறந்தால் பிறகு மூட முடியாது. அப்படியே இருந்துவிடுவேன். இதை எப்படி ஒருத்தியிடம் சொல்வது? எனக்கே எங்கிருந்து வந்தது என்று தெரியாத பயத்தை?

மார்ச் 7, வெள்ளி

 இன்றே எழுதிவிட வேண்டும்.

பஸ்காரர் இன்று வந்தார். எழுபத்தொரு வயது, நெடிய ஆள், கறுப்புக் கண்ணாடி. "புதுக் கண்ணு. உங்க எல்லாருக்கும் இவ்வளவு சுருக்கம் இருக்கும்னு தெரியாமப் போச்சே!" என்று எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டே தன் கருவிகளை எடுக்க அலமாரிக்குப் போனார்.

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு விரலால் அந்த மண் தலையின் புருவத்து வெட்டைத் தொட்டார்.

"இதை யார் செஞ்சது?"

நான் கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

"எங்கப்பாவை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு யாரையும் தெரியாதுங்க."

"தெரியாம எப்படிம்மா? இந்த வெட்டு, கண்ணாடி விழுந்து பட்டது. அவர் ஜன்னலுக்குக் கண்ணாடி போடுற வேலை. எனக்கு நாலு வயசு, நான்தான் ஓடிப்போய் ஏணியில முட்டினேன். இந்தக் காது... இந்தப் பல்லு..." விரல் அந்தப் பல் இல்லாத இடத்துக்கு வந்து நின்றது. "அவர் போய் அம்பத்து மூணு வருஷம் ஆச்சு."

டீச்சர்தான் மெதுவாகக் கேட்டாள், எப்படிப் போனார் என்று.

"பல்வலின்னு காலையில கிளம்பினார். பல் ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்தபடியே போயிட்டார். மாரடைப்பு. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாரோ, பக்கத்துல ஒரு ஈ காக்காகூட இல்லைன்னு சொன்னாங்க. அம்மா சாகற வரைக்கும் அதைச் சொல்லித்தான் அழுதாங்க."

பையிலிருந்து ஒரு சின்னப் போட்டோவை எடுத்து நீட்டினார். அதே காது. அதே புருவம். வாய் மட்டும் மூடியிருந்தது.

"இதுல ஏன் வாய் திறந்திருக்கு?" என்று கேட்டார்.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அறுபதில் ஐம்பத்து மூன்று போனால் ஏழு. ஏழு வயதில் நான் எங்கே இருந்தேன்?

மார்ச் 8, சனி

அண்ணனுக்கு போன் செய்தேன். என்னைவிட எட்டு வயது பெரியவன். சின்ன வயதில் என்னைப் பல் டாக்டரிடம் யாராவது கூட்டிப் போனார்களா என்று கேட்டேன். கேட்டு முடிக்கக்கூட விடவில்லை.  "நேர்ல வர்றேன், வாலு," என்றான். என்னை அப்படிக் கூப்பிட்டு எத்தனை வருடம்!

பதினொரு மணிக்கெல்லாம் வந்துவிட்டான். தேநீரைத் தொடவில்லை.

"அம்மா என்னைத்தான் உன்கூட அனுப்பினாங்க. உனக்குப் பால் பல்லு ஒண்ணு விழாம வலிச்சுக்கிட்டிருந்தது. பின்னாடி மைதானத்துல பந்தாட்டம். உன்னை பெஞ்சுல உட்கார வெச்சுட்டு, அஞ்சு நிமிஷத்துல வர்றேன்னு போனேன்."

"எவ்வளவு நேரம் கழிச்சு வந்தே?"

"ஒரு மணி நேரம். மேலேயே இருக்கும். டாக்டர் உள்ளே யாருக்கோ கஷ்டமான பல்லு எடுத்துக்கிட்டிருந்தார். வெளியில வேற ஆளே இல்லை. நீயும் அந்த ஆளும்தான்."

அதற்கு மேல் சொல்ல மாட்டேன் என்பது போலக் கையைப் பிசைந்தான். சொல்லு என்றேன்.

"நீ பெஞ்சு மேல முட்டி போட்டிருந்தே. ரெண்டு கையாலயும் அவர் தாடையைப் பிடிச்சு மேலே தள்ளிக்கிட்டிருந்தே. நீ கையை எடுத்தா வாய் திறந்துக்கும். மறுபடி தள்ளுவே. என்னைப் பார்த்ததும், 'மெதுவாப் பேசுண்ணா, மாமா தூங்குறார். வாயில ஈ போயிடும், அதான் மூடி விடறேன்'னே. எனக்கு அவர் கண்ணைப் பார்த்ததும் புரிஞ்சுபோச்சு. உன்னைத் தூக்கிட்டு ஓடினேன். யார்கிட்டயும் சொல்லலை. டாக்டர் லீவுன்னு அம்மாகிட்ட சொன்னேன். ரெண்டு நாள் நீ கேட்டுக்கிட்டே இருந்தே, மாமா எழுந்துட்டாரான்னு. எழுந்துட்டார், வீட்டுக்குப் போயிட்டார்னு சொல்லிட்டேன். அப்புறம் நீ கேட்கறதை விட்டுட்டே."

அறுபத்தெட்டு வயது மனிதன் என் சாப்பாட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. என் உள்ளங்கை இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் பிடித்திருந்த முகம். நான் மறந்துவிட்டேன். இதுகள் மறக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

துண்டு துண்டாக வருகிறது. பச்சை வண்ணம் அடித்த பெஞ்ச். தரையைத் தொடாத என் கால். "பயமா இருக்கா பாப்பா?" – பெரிய குரல். தலையாட்டினேன். "எனக்கும்தான்," என்றார். பெரியவர்களுக்கும் பயம் இருக்கும் என்று அதற்கு முன் எனக்கு யாரும் சொன்னதில்லை. "நீ முதல்ல போறியா, நான் போகட்டா?" நீங்க போங்க என்றேன். "சரி, பத்து வரைக்கும் எண்ணு. நான் தயாராயிடறேன்." சிரித்தார். அந்தப் பல் இல்லாத இடம் தெரிந்தது. நான் எண்ணினேன். பத்து வந்ததும் திரும்பிப் பார்த்தேன்.

இது நினைவா? இல்லை, அண்ணன் சொன்னதை வைத்து நானே கட்டியதா? சத்தியம் செய்து சொல்ல முடியாது. ஆனால் புதன்கிழமை அந்த பெஞ்சில் உட்கார்ந்து நான் எண்ணியபோது அண்ணன் இன்னும் எதையும் சொல்லியிருக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

வகுப்பு தொடங்குமுன் பஸ்காரரைப் பின்புற வராந்தாவுக்கு அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு நிச்சயம் இல்லாததை நிச்சயம் இல்லை என்றும் சொன்னேன்.

 முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார். "சிரிச்சாரா?"

"சிரிச்சார்."

"அப்போ தனியா இல்லை."

"இல்லைங்க. நான் இருந்தேன்."

சுவரில் சாய்ந்து நின்றார், பெரிய பாரத்தை இறக்கி வைத்த ஆள் மாதிரி. பிறகு என் வீங்கிய கன்னத்தைப் பார்த்தார். "எங்கப்பாவால இத்தனை வருஷம் பல்லைக் காட்டாம இருந்துட்டீங்களா? அது நல்லா இல்லையே. வாங்க, நான் துணைக்கு உட்கார்ந்துக்கறேன்."

மத்தியானமே போனோம். மகளும் வந்தாள். டாக்டர் சின்ன வயதுப் பெண். நாற்காலியைச் சாய்க்காமல், எனக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்டாள். வீக்கம் வற்ற மாத்திரை கொடுத்தாள். "திங்கட்கிழமை எடுத்துடலாம். இடது கையைத் தூக்கினீங்கன்னா, எந்த நிலையில இருந்தாலும் நிறுத்திடுவேன். கதவையும் திறந்தே வெச்சுக்கலாம்," என்றாள். இவ்வளவு சுலபமாகக் கேட்டுப் பெறக்கூடியதா இது?

மார்ச் 17, திங்கள்

பல் போய்விட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்தரைக்குக் கூப்பிட்டார்கள். பஸ்காரர் பெஞ்சின் இந்த ஓரம், மகள் அந்த ஓரம். கதவு திறந்திருந்தது. நாற்காலி சாயும்போது என் நகம் கைப்பிடியில் பதிந்தது. வாயைத் திறந்தேன். ஊசி போட்டதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. மரத்துப்போகக் காத்திருந்தோம். உதடு தடித்து, யாருடையதோ போல ஆனது. டாக்டர் குறடை எடுத்தாள். நான் கண்ணைத் திருப்பி வாசலைப் பார்த்தேன்.

பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார்.

சுவரில் தலை சாய்ந்திருந்தது. நீளமான காது. வாய் திறந்திருந்தது. என் கை செய்த அதே முகம், அணுவும் பிசகாமல். மகள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை.

இடது கையைத் தூக்கினேன். டாக்டர் உடனே நிறுத்தினாள். நான் என்ன சொன்னேனோ – மரத்த வாயில் வார்த்தை எங்கே வரும்? மார்பில் கட்டிய காகிதத்துண்டோடு இறங்கி நடந்தேன். "அம்மா? அம்மா, என்ன ஆச்சு?" மகள் எழுந்துவிட்டாள். அவர் முன்னால் போய் நின்றேன். உள்ளங்கை இரண்டையும் அவர் தாடைக்கு அடியில் கொடுத்தேன்.

சூடாக இருந்தது. முள்முள்ளாகத் தாடி குத்தியது. மேலே தள்ளினேன். வாய் மூடிக்கொண்டது. கையை எடுத்தேன்.

மூடியபடியே இருந்தது.

கண்ணைத் திறந்தார். "என்னம்மா, முடிஞ்சுதா?" என் முகத்தைப் பார்த்தார், தன் தாடையைத் தொட்டுப் பார்த்தார், அவருக்கே விளங்கிவிட்டது. "ஐயோ... தூங்கிட்டேன். டிரைவர் புத்தி. ஸ்டியரிங் கையில இல்லைன்னா எனக்குக் கண்ணு சொக்கிடும். மன்னிச்சுக்குங்கம்மா." எழுந்து நின்றார். "போங்க. இனிமே உட்காரவே மாட்டேன்."

நான் திரும்பிப் போய் நாற்காலியில் ஏறிப் படுத்தேன். யாரும் சொல்லாமலே வாயைத் திறந்தேன். வேலை முடியும்வரை அவர் வாசலில் நின்றுகொண்டே இருந்தார், பஸ்ஸில் இடம் கிடைக்காத பயணி மாதிரி.

மார்ச் 18, செவ்வாய்

அந்தத் தலையைப் பஸ்காரர் துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனார். அவர் தங்கச்சி பார்த்துவிட்டு, வாய் மூடின மாதிரி ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டாளாம்.

உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் முயன்றேன். மூக்கு யாருடையதோ மூக்கு, காது வெறும் காது. கண்ணை மூடிக்கொண்டும் பார்த்தேன், அந்த அம்மாளை மருமகள் கதை சொல்லச் சொல்லியும் பார்த்தேன். ம்ஹும். போட்டோவை முன்னால் வைத்தும் வரவில்லை. என் கைக்கு அந்த முகம் தெரியவில்லை. தெரிந்ததற்கான அடையாளமே இல்லை.

வருத்தமா? கொஞ்சம். வீட்டில் ரொம்ப நாள் தங்கியிருந்த விருந்தாளி சொல்லாமல் கிளம்பிப் போனது போல.

ஏப்ரல் 6, ஞாயிறு

நான் செய்த கூஜாவைக் கொண்டுவந்து மகளிடம் காட்டினேன். தண்ணீர் ஊற்றினாள், அடியில் ஒழுகியது. "அம்மா, இது கூஜா இல்லை, சல்லடை," என்றாள். வாய்விட்டுச் சிரித்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கு மேல் பல்லு ஒண்ணு கோணல்னு எனக்குத் தெரியவே தெரியாது," என்றாள். நாற்பது நெருங்குகிற மகள்!

செவ்வாய்க்கிழமை வகுப்பில், அடிப்பாகத்தை ஒழுகாமல் எப்படி ஒட்டுவது என்று டீச்சரைக் கேட்க வேண்டும். ஒட்டும்போது மண்ணில் ஈரம் போதவில்லை என்று நினைக்கிறேன். நாள் முழுக்க இதே யோசனை.

மே 12, திங்கள்

மேல் வரிசையில் இரண்டு சொத்தைப் பல்லுக்கு அடைப்பு. மகளுக்கு வேலை, பஸ்காரர் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறார். தனியாகத்தான் போனேன். கதவு சாத்தியிருந்தது, திறந்து வைக்கச் சொல்ல நினைத்தேன், பிறகு மறந்துபோனேன். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஏணி வைத்து விளம்பரப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் கால் வரை வந்தது. இயந்திரம் ஒரே சுருதியில் இரைந்தது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.

யாரோ தோளைத் தொட்டார்கள். டாக்டர்.

"நல்ல தூக்கம்மா உங்களுக்கு. வேலை எப்பவோ முடிஞ்சிடுச்சு, எழுப்ப மனசு வரலை," என்றாள். "வாயை மூடிக்கலாம்."